வேட்பாளர் தூக்கிய கோப்பை: கால்பந்துத் தபால்

போன மாதம் மெக்சிகோவைப் பற்றியும் அங்கத்திய கிளப்புகளின் கோப்பைப் போட்டியான கோபா எம்.எக்ஸ். பற்றியும் ஏதோ ஒரு வரி எழுதப்போக, இந்த மாதத் தபாலில் பாதி மெக்சிகோதான். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு தகவல்: 2013 முதல் 2016 வரை புவேப்லா என்ற ஊரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பகலில் வெர்னியர் காலிபர், ராத்திரியில் கால்பந்து. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. தெரிந்தே படியுங்கள்.

கேள்வி: 2015 கோபா எம்.எக்ஸ். இறுதியாட்டம் குவாவ்தெமோக் ஸ்டேடியத்தில் நடந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சமயத்தில் அங்கே புனரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்ததே? (சிங்கப்பூர் வாசகர்)

தப்பு என்னுடையது. நேரில் போய் உட்கார்ந்து பார்த்தவனே இப்படி எழுதியதற்கு என்ன சொல்ல! புவேப்லா அணி என்றால் குவாவ்தெமோக் ஸ்டேடியம் என்று கை தானாக எழுதிவிட்டது. நீங்கள் சொன்னபடி, அந்த சீசனில் அது வேலைக்காக மூடிக் கிடந்தது. புதுப் போர்வை போர்த்திக்கொண்டு, அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கிளப்பை விருந்தாளியாகக் கூப்பிட்டு மறுபடி திறந்தது 2015 நவம்பரில்தான். அதுவரை புவேப்லா அணி ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் ஒண்டுக்குடித்தனம். இறுதியாட்டமும் அங்கேதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். குவாவ்தெமோக் ஸ்டேடியத்தின் பெயர், அந்த இறுதியில் புவேப்லாவுக்கு ஆடிய குவாவ்தெமோக் பிளாங்கோவை வைத்து வந்ததல்ல. ஸ்பானியர்களிடம் பிடிபட்ட கடைசி ஆஸ்டெக் மன்னரின் பெயர் அது. 'கீழிறங்கும் கழுகு' என்று அர்த்தம். ஸ்டேடியம் திறந்தது 1968ல். ஆட்டக்காரர் பிறந்தது 1973ல். 1970, 1986 இரண்டு உலகக் கோப்பை ஆட்டங்களையும் பார்த்த ஸ்டேடியம் அது. அந்தப் பெயர் கொண்ட ஆட்டக்காரர் அந்தப் பெயர் கொண்ட ஸ்டேடியத்தில் தன் கடைசிக் கோப்பையைத் தூக்க முடியாமல், கொத்தனார் வேலை குறுக்கே வந்துவிட்டது.

கேள்வி: "தேர்தலில் நின்றுகொண்டே கோப்பை ஜெயித்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. யார் சார் அவர்? நிஜமாகவே வேட்பாளரா, இல்லை பேச்சுக்குச் சொன்னீர்களா? (காரைக்குடி வாசகி)

நிஜ வேட்பாளர் அம்மா. மேலே சொன்ன அதே பிளாங்கோதான். 2015ல் அவர் மொரேலோஸ் மாநிலத்தின் தலைநகரான குவெர்னவாக்காவுக்கு மேயர் வேட்பாளர். கட்சி, சமூக ஜனநாயகக் கட்சி என்ற சின்ன மாநிலக் கட்சி. அதே நேரத்தில் புவேப்லா அணியின் சம்பள ஆட்டக்காரர். வயது 42. இரண்டு ஊர்களுக்கும் நடுவே போபோகாதெபெத்ல் எரிமலை புகைந்துகொண்டு நிற்கிறது. எரிமலைக்கு இந்தப் பக்கம் பந்து, அந்தப் பக்கம் ஓட்டு.

ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை ராத்திரி இறுதியாட்டம். ஜூன் 7 வாக்குப்பதிவு. இடையில் 47 நாள். கோப்பையையும் ஜெயித்தார், தேர்தலையும் ஜெயித்தார். பிறகு 2018ல் அந்த மாநிலத்துக்கே கவர்னர் ஆனார். அங்கே கவர்னரை ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், நம் ஊர் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சி எப்படி நடந்தது என்பதற்கு இந்தப் பகுதியில் இடமில்லை. நான் பந்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எதிர் அணி சிவாஸ். மெக்சிகோக்காரர்களை மட்டுமே ஆடவைக்கும் குவாதலஹாரா கிளப். நாடு முழுக்க ரசிகர்கள். எங்கள் தொழிற்சாலையிலேயே பாதிப் பேர் சிவாஸ் கட்சி. அன்றைக்குச் சாயங்காலம் ஷிப்ட் முடியும்போது லாக்கர் அறையில் ஒருவன் தன் சட்டைக்குள் போட்டிருந்த சிவப்பு வெள்ளைப் பட்டை ஜெர்சியைக் காட்டி எனக்குக் கண்ணடித்தான். புவேப்லா ஜெர்சி வெள்ளை, அதில் தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு நீலப் பட்டை. பூணூல் மாதிரி என்று என் மனைவி சொல்வாள்.

ஒரு விஷயம் கேளுங்கள். அந்த சீசனில் இந்த இரண்டு அணிகளுக்கும் முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்துவிடும் பயம் இருந்தது. அங்கே அப்போது ஒரு சீசனின் கடைசி இடத்தை வைத்து இறக்க மாட்டார்கள். மூன்று வருடப் புள்ளிகளின் சராசரியை வைத்துத்தான் இறக்குவார்கள். அதாவது பழைய பாவம் துரத்திக்கொண்டே வரும். வார இறுதியில் லீகில் நடுங்கிக்கொண்டு ஆடிய அதே கால்கள், செவ்வாய்க்கிழமை கோப்பையில் சிரித்துக்கொண்டு ஆடின. கடைசியில் இருவருமே தப்பித்தார்கள்; கீழே போனது குவாதலஹாராவின் இன்னொரு அணியான பல்கலைக்கழகத்துக் 'கறுஞ்சிங்கங்கள்'.

எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். காதில் ரேடியோ இயர்போன். ஆட்டம் கண்ணெதிரே நடக்கிறது, இவர் ரேடியோவில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறார்! மடியில் ஒரு பேப்பர் பொட்டலம், அதில் பூசணி விதை. ஒவ்வொரு விதையாக முன்பல்லில் வைத்து உடைத்து, தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். கீழே துப்பவில்லை. அணி கோல் போட்டபோதும் எழுந்திருக்கவில்லை. வலது கை விரலை மடக்கி எண்ணினார், அவ்வளவுதான். என் அரைகுறை ஸ்பானிஷில் "சந்தோஷம் இல்லையா சென்யோர்?" என்று கேட்டேன். "தொண்ணூறில் கத்திவிட்டேன்" என்றார். 1989-90ல் புவேப்லா லீகையும் கோப்பையையும் ஒரே சீசனில் அள்ளியது. தொப்பிக்காரக் கோச் மனுவேல் லாபுவென்தேயின் காலம். அதற்குப் பிறகு 25 வருடம் லீக் பட்டமோ தேசியக் கோப்பையோ அந்த ஊருக்கு வரவில்லை. அவர் கத்தாததன் கணக்கு எனக்குப் புரிந்தது.

பிளாங்கோ? ஓடவில்லை. ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. முதுகைச் சற்றே வளைத்து, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரியப்பா மாதிரி நடந்துகொண்டு, கையை நீட்டி "நீ அங்கே போ, நீ இங்கே வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பந்து காலுக்கு வந்தால் மட்டும் ஒரு நொடி எல்லாரும் மூச்சை நிறுத்துவார்கள். 1998 உலகக் கோப்பையில் கொரியாவுக்கு எதிராகப் பந்தை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தவளை மாதிரி இரண்டு பேருக்கு நடுவே தாவினாரே, அவர்தான். அந்த அணிக்கும் கோச் லாபுவென்தேதான்!

ஆட்டம் 4-2. புவேப்லாவுக்குக் கோப்பை. நான்காவது கோலுக்குப் பெரியவர் நான்கு விரலையும் மடக்கிவிட்டு, கட்டைவிரலை மட்டும் என் பக்கம் காட்டினார்.

அதோடு பிளாங்கோ ஓய்வு என்று எல்லாரும் எழுதினார்கள். முழு உண்மையல்ல. 2016 மார்ச் 5ல், அவருடைய பழைய மெக்சிகோ கிளப்பான 'கிளப் அமெரிக்கா' தன் நூற்றாண்டு வருடத்தில் அவரைக் கூப்பிட்டு, மொரேலியாவுக்கு எதிராக லீக் ஆட்டத்திலேயே இறக்கியது. கண்காட்சி ஆட்டம் இல்லை, புள்ளி உள்ள ஆட்டம். அப்போது அவர் பதவியில் இருந்த மேயர். குவெர்னவாக்காவில் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஜனங்கள் ஆட்டம் நடந்த ஆஸ்டெகா ஸ்டேடியத்துக்குத்தான் போன் போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: 2014-15 கோபா எம்.எக்ஸ். சாம்பியன் யார் என்று தேடினால் இரண்டு பெயர் வருகிறது. எது சரி? (கோவை கல்லூரி மாணவர்)

இரண்டும் சரி தம்பி. மெக்சிகோவில் அப்போது ஒரு வருடத்துக்கு இரண்டு போகம். ஜூலையில் தொடங்கி வருடக் கடைசியில் முடிவது அபெர்தூரா, 'திறப்பு'. ஜனவரியில் தொடங்கி மே மாதம் முடிவது கிளாவ்சூரா, 'அடைப்பு'. குறுவை, தாளடி என்று நினைத்துக்கொள். லீகுக்கு மட்டுமல்ல, கோப்பைக்கும் அதே கணக்கு. அந்த வருடம் அபெர்தூரா கோப்பை சாந்தோஸ் லகூனாவுக்கு. கிளாவ்சூரா கோப்பை புவேப்லாவுக்கு. இதில் வேடிக்கை, அபெர்தூரா இறுதியில் பெனால்டி ஷூட்அவுட்டில் சாந்தோஸிடம் தோற்றதும் இதே புவேப்லாதான். ஆறு மாதத்துக்குள் இரண்டாவது தடவை இறுதிக்கு வந்து வாங்கியது. பெரியவர் அவ்வளவு அடக்கி வாசித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: அந்தக் கோப்பையில் வெற்றிக்கு 3 புள்ளி போக, இன்னொரு புள்ளி தனியாகக் கொடுப்பார்களாமே? (திருச்சி வாசகர், ரயில்வே)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

2012ல் இந்தப் போட்டியை மறுபடி ஆரம்பித்தபோது 28 அணிகள், நான்கு நான்காக ஏழு குழு. முதல் டிவிஷனிலிருந்து பாதி, இரண்டாம் டிவிஷனிலிருந்து பாதி. ஒரு அணியோடு நம் ஊரில் ஓர் ஆட்டம், அவர்கள் ஊரில் ஓர் ஆட்டம், இரண்டும் அடுத்தடுத்து. வென்றால் 3, டிரா என்றால் 1 என்பது வழக்கம்போல. அதற்கு மேல், இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து யார் அதிக கோல் போட்டார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி கொசுறு. கோல் கணக்கும் சமமாக இருந்தால், வெளியூரில் அதிகம் போட்டவருக்கு. அதுவும் சமமென்றால் கொசுறு யாருக்கும் இல்லை.

இதன் ருசி எங்கே தெரியுமா? முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றுவிட்டீர்கள். அடுத்த ஆட்டத்தில் 85வது நிமிடம், 2-0 என்று முன்னால் இருக்கிறீர்கள். மற்ற எந்தப் போட்டியாக இருந்தாலும் பந்தை மூலையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவீர்கள். இங்கே முடியாது. இன்னும் ஒன்று போட்டால் கணக்கு நேர், எதிரியின் கொசுறு பறிபோகும். எதிரியும் சும்மா இருக்க மாட்டான், தன் கொசுறைக் காப்பாற்றப் பார்ப்பான். ஆக, ஜெயிக்கிறவனும் ஓடுவான், தோற்கிறவனும் ஓடுவான். ஓர் ஊரில் ஜெயித்து மறு ஊரிலும் ஜெயித்தால் 3+3+1, மொத்தம் ஏழு.

தோற்றால் வெளியேறும் நாக்அவுட் சுற்றுகளில் அப்போது ஒரே ஆட்டம்தான். 90 நிமிடத்தில் முடியவில்லையா, கூடுதல் நேரம் எல்லாம் கிடையாது, நேராக பெனால்டி. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் ஏது?

கேள்வி: உங்களைப் பொறுத்தவரை கோபா எம்.எக்ஸின் சிறந்த சீசன் எது? புவேப்லா என்று சொல்லக்கூடாது! (நெல்லை வாசகர்)

சரி, கையைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள். 2012 அபெர்தூரா. 1996-97ல் குரூஸ் அசுல் ஜெயித்ததோடு நின்றுபோன கோப்பையைத் தூசு தட்டி எடுத்த முதல் சீசன். பெரிய கிளப்புகள் அரைமனதாக இறங்கின. இறுதியில் பார்த்தால் இரண்டு பேருமே இரண்டாம் டிவிஷன்! சினாலோவாவின் தொராதோஸும், தாமௌலிபாஸ் பல்கலைக்கழக அணி கொர்ரெகாமினோஸும். பெயர்களின் அர்த்தப்படி முன்னது கடல் மீன், பின்னது தரையில் ஓடும் பறவை. மீன் ஜெயித்தது, பெனால்டியில். மீனின் பக்கம் யார் இருந்தார் தெரியுமா? பிளாங்கோவேதான். நெல்லைக்காரரே, தப்பிக்க விடமாட்டார் அவர்.

தொராதோஸ் விநோதமான கிளப். ஊர் குலியாகான், அங்கே பேஸ்பால்தான் ராஜா. ஆனால் 2006ல், பிற்பாடு உலகப் புகழ்பெற்ற கோச்சான பெப் குவார்தியோலா ஆட்டக்காரராகத் தன் கடைசி ஆட்டங்களை அங்கேதான் ஆடினார், பத்தே பத்து ஆட்டம். அந்த வருடமே அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. 2018ல் மரடோனா கோச்சாக வந்தார். அடுத்தடுத்து இரண்டு இரண்டாம் டிவிஷன் இறுதிகளுக்குக் கொண்டுபோனார், இரண்டிலும் சான் லூயிஸிடம் தோல்வி. குவார்தியோலாவாலும் மரடோனாவாலும் கொடுக்க முடியாத ஒரு கோப்பையை அந்த ஊருக்கு எடுத்துக் கொடுத்தது, நாற்பதை நெருங்கிய பிளாங்கோ இருந்த அணி.

கேள்வி: மெக்சிகோவில் முதல் கோப்பைப் போட்டி எப்போது? (யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

1907-08. ரெஜினால்ட் டவர் என்ற பிரிட்டிஷ் தூதர் கொடுத்த கோப்பை ஐயா, அதனால் 'கோபா டவர்'. முதலில் வென்றது பச்சூக்கா ஊர் அணி. வெள்ளிச் சுரங்க வேலைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஆட்டம் அது. ஆட்டத்தோடு ஒரு பலகாரத்தையும் கொண்டுவந்தார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து, ஓரத்தைக் கயிறு மாதிரி முறுக்கி மடித்துச் சுட்டது. நம் சோமாசியின் பெரிய அண்ணன். சுரங்கத்துக்குள் அழுக்குக் கையோடு அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தின்றுவிட்டு, ஓரத்தை எறிந்துவிடுவார்களாம். இன்றைக்கும் பச்சூக்காவில் 'பாஸ்தே' என்று தெருவுக்குத் தெரு விற்கிறது. உள்ளே மிளகாய் ஏறிவிட்டது, அதுதான் மெக்சிகோ செய்த மாற்றம். நான் ஒரு தடவை போய் நான்கு தின்றேன். ஓரத்தையும் சேர்த்துத்தான்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, இப்போது ஏன் அந்தப் போட்டி நடப்பதில்லை? (சென்னை வாசகர்)

2019-20ல் ஒரு மாற்றம் செய்தார்கள்: இரண்டு போகத்தை விட்டுவிட்டு வருடம் முழுக்க ஒரே கோப்பை. அந்த வருடமா பார்த்துக் கொரோனா வரவேண்டும்! மார்ச்சில் நின்றது, இறுதியாட்டம் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போய், 2020 நவம்பரில்தான் முடிந்தது. மோந்தெர்ரேய் அணி திஹுவானாவை இரண்டு ஆட்டம் சேர்த்து 2-1 என்று வென்றது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் கோப்பையைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அது நடக்கவில்லை.

நாட்காட்டியில் இடமில்லை என்பது பொதுவாகச் சொல்லும் காரணம். பக்கத்து நாடான அமெரிக்காவின் கிளப்புகளோடு ஆடும் லீக்ஸ் கப் 2019ல் வந்து, 2023ல் பெரிதாகிவிட்டது. டாலர் உள்ள இடத்துக்குத் தேதி கிடைக்கும். என் எரிச்சல் வேறு. அதே 2020 ஏப்ரலில் டிவிஷன்களுக்கு இடையே ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்ன ஊர் அணி பெரிய அணியை நேருக்கு நேர் பார்க்க இரண்டு வாசல் இருந்தது: ஒன்று மேலே ஏறி வருவது, இன்னொன்று இந்தச் செவ்வாய், புதன்கிழமைக் கோப்பை. ஒரே வருடத்தில் இரண்டுக்கும் பூட்டு. தொராதோஸும் கொர்ரெகாமினோஸும் ஒரு தேசியக் கோப்பை இறுதியில் மோதுவது இனிமேல் எந்த ரூபத்தில் நடக்கும் என்று எனக்குச் சொல்லுங்கள். லீக் அதிகாரிகளுக்கு ஆயிரம் நியாயம் இருக்கலாம். எனக்குப் பாரபட்சம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: புவேப்லா அணியை 'கிழங்குக்காரர்கள்' என்று கூப்பிடுவார்களாமே, கேலியா? (சேலம் வாசகி)

கேலி இல்லை, ஊர்ப் பெருமை. 'கமோதேரோஸ்' என்பார்கள். 'கமோதே' என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அதை மசித்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறி, விரல் நீளத்துக்கு உருட்டி, தாளில் சுற்றி விற்பார்கள். பழைய ஊருக்குள் அதற்கென்றே ஒரு மிட்டாய்த் தெரு இருக்கிறது. வாயில் போட்டால் நம் ஊர் அல்வாவின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், நெய்தான் இல்லை.

சுட்ட கிழங்கு விற்கிறவர் வேறு. ராத்திரியில் தள்ளுவண்டியில் வருவார். வண்டியிலேயே அடுப்பு, அதன் நீராவியை வைத்து ஒரு நீண்ட விசில். நாங்கள் குடிபோன முதல் வாரம் முழுக்க, அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி "குக்கரை யார் வைத்தது?" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.